கல்யாணியைச் சங்கராபரணம் என்கிறது நிரல், எங்கே பிழை?

கேள்வி: ஏழாவதுமேளம்

கச்சேரிப் பதிவுகளிலிருந்து ராகத்தை அடையாளம் காணும் சிறு நிரல் ஒன்றை பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனைக்கு எடுத்த பதிவு பெண் குரலில் கல்யாணி. ஆலாபனையும் கிருதியும் சேர்த்து 24 நிமிடம், வயலின், மிருதங்கம், தம்புரா உண்டு. எம்பி3, 128 கேபிபிஎஸ்.

செய்தது இவ்வளவுதான். ஒலிக்கோப்புகளைக் கையாளும் பைத்தான் நூலகமான லிப்ரோசாவில் கோப்பைத் திறந்தேன். இன்னொரு இசை ஆய்வு நூலகமான எசென்ஷியாவின் மெலோடியா அல்காரிதத்துக்குக் கொடுத்துப் பிட்ச் எடுத்தேன், அமைப்புகள் எதையும் மாற்றவில்லை. பிட்ச் ஹிஸ்டோகிராமில் (எந்தப் பிட்ச் எவ்வளவு நேரம் வருகிறது என்ற வரைபடம்) எது உயரமான முகடோ அதை ஸா என்று வைத்துக்கொண்டேன். 587 ஹெர்ட்ஸ் வந்தது. பிறகு எல்லாவற்றையும் சென்ட்டாக்கி (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்), 100ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு 12 பெட்டிகளில் போட்டேன். 72 மேளங்களின் ஸ்வரப் பட்டியலோடு ஒப்பிட்டால் முதலில் வருவது சங்கராபரணம். கல்யாணி முதல் ஐந்தில்கூட இல்லை.

இன்னொன்று: தோடி பதிவில் சாதாரண காந்தாரத்தின் இடத்தில் முகடே இல்லை. ரிஷபமும் மத்திமமும்தான் தெரிகின்றன. பிட்ச் எடுப்பதில் கோளாறா, ஒப்பிடும் முறையில் கோளாறா? நேரடியாக நியூரல் நெட்வொர்க்குக்குப் போய்விடலாமா?

பதில் 1: நாலாம்தந்தி

நியூரல் நெட்வொர்க்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் 587 என்ற எண்ணிலேயே இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதல் பிழை சாம்பிளிங் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது. லிப்ரோசா கோப்பைத் திறக்கும்போது, நீங்கள் சொல்லாவிட்டால், தானாகவே 22,050க்கு மாற்றிவிடும். மெலோடியாவோ தனக்கு வருவது 44,100 என்று எடுத்துக்கொள்கிறது. விளைவு, எல்லா அதிர்வெண்ணும் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். உங்கள் பிட்ச் கோட்டின் கடைசி ஃப்ரேம் (பிட்ச் கணக்கிடும் சிறு நேரத் துண்டு) எந்த நிமிடத்தில் முடிகிறது என்று பாருங்கள். 24க்குப் பதில் 12 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். லிப்ரோசாவில் எஸ்ஆர் மதிப்பை 44100 என்று கொடுங்கள், அல்லது எசென்ஷியாவின் மோனோலோடரையே பயன்படுத்துங்கள். மெலோடியாவுக்கு முன் ஈக்வல்லவுட்னஸ் ஃபில்டரைப் போடுவதும் நல்லது. அதுவும் சாம்பிளிங் ரேட்டை நம்பித்தான் வேலை செய்யும்.

ஆக 587இல் பாதி, 293.5. இப்போது இரண்டாவது பிழை. 293.5ஐ 1.5ஆல் வகுத்தால் 195.7 வருகிறது. பாடகரின் ஸாவைச் சொல்லும் கட்டைக் கணக்கில் 5 கட்டை என்பது 196 ஹெர்ட்ஸ். பெண் குரல், 5 கட்டை, எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. நீங்கள் ஸா என்று பிடித்தது பஞ்சமம்.

பஞ்சமத்தை ஸாவாக வைத்துக் கல்யாணியைப் படித்தால் என்ன வரும்? கிரக பேதம் (ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸாவாக வைத்துப் படிப்பது) தெரிந்த யாரும் சொல்வார்கள், சங்கராபரணம்தான். நிரல் பொய் சொல்லவில்லை, கொடுத்த ஸாவுக்குச் சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. இதே பிழையை மோகனத்தில் செய்தால் சுத்த சாவேரி வரும், ரிஷபத்தை ஸா என்று பிடித்தால் மத்தியமாவதி வரும். முடிவு தப்பாக வரும்போதெல்லாம் "இது அந்த ராகத்தின் கிரக பேதமா?" என்று ஒருமுறை பார்த்துவிடுவது எப்போதும் லாபம்.

உயரமான முகடு ஸாவாக இருக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பாடகர் எந்த ஸ்வரத்தில் அதிகம் நிற்கிறாரோ அதுதான் உயரும். கல்யாணி போன்ற ராகத்தில் ஸாவையும் பாவையும் தவிர்த்துப் பாடும் சஞ்சாரங்களே ஏராளம். ஆதார சுருதியைப் பாட்டிலிருந்து எடுக்காதீர்கள், தம்புராவிலிருந்து எடுங்கள். எசென்ஷியாவில் இதற்கென்றே டானிக்இந்தியன்ஆர்ட்மியூசிக் என்று ஒரு அல்காரிதம் இருக்கிறது. பார்சிலோனாவில் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு 2012இல் வெளியிட்ட முறை அது. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல பிட்ச்களையும் சேர்த்து ஹிஸ்டோகிராம் போட்டு, முகடுகளுக்கு இடையே உள்ள தூரங்களை (பஞ்சம தூரம், மத்திம தூரம், ஸ்தாயி தூரம்) வைத்து எது ஸா என்று முடிவு செய்யும்.

அது தேடும் எல்லை 100 முதல் 375 ஹெர்ட்ஸ். 5 கட்டைப் பெண் குரலுக்கு இது வசதி: கீழ் ஸா 98, மேல் ஸா 392, இரண்டும் எல்லைக்கு வெளியே. ஆண் குரலில் 1 கட்டை என்றால் 130.8, 261.6 இரண்டுமே உள்ளே வந்துவிடும், ஸ்தாயி தவறலாம். அப்போது எல்லையை 100–200 என்று குறுக்கிவிடுங்கள். ராகம் கண்டுபிடிக்க ஸ்தாயி தவறினால் பாதகமில்லை, எல்லாவற்றையும் ஒரே ஸ்தாயிக்குள் மடிக்கத்தானே போகிறீர்கள். பிட்ச் எல்லைகளை வைக்கும்போது மட்டும் அது கழுத்தை அறுக்கும்.

அல்காரிதத்தையும் கண்ணை மூடி நம்பவேண்டாம். பாட்டு தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் ஐந்தாறு விநாடிகள் பெரும்பாலான பதிவுகளில் இருக்கும். அதை வெட்டி எடுத்து, வந்த எண்ணில் ஒரு சைன் ஒலியைச் சேர்த்துக் கேளுங்கள். காது உடனே சொல்லிவிடும்.

வந்த எண்ணைக் கட்டைக்குப் பக்கத்தில் இழுத்து 196.0 என்று "திருத்தாதீர்கள்". பழைய 78 ஆர்பிஎம் தட்டுகளிலிருந்தும் டேப்பிலிருந்தும் எடுத்த பதிவுகளில் ஓட்ட வேகம் மாறியிருக்கும். வேகம் 6 சதவீதம் கூடினாலே சுமார் 100 சென்ட், அதாவது அரைக் கட்டை ஏறிவிடும். 193 வந்தால் 193தான் ஸா.

பதில் 2: வலந்தலை

மேலே சொன்னதோடு ஒன்று. "100ஆல் வகுத்து தசமத்தை வெட்டிவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பிழை. அப்படி வெட்டினால் ஒவ்வொரு ஸ்வரமும் பெட்டியின் நடுவில் இல்லாமல் விளிம்பில் நிற்கும். ஸா 10 சென்ட் குறைந்து ஒலித்தால் அது காகலி நிஷாதத்தின் பெட்டியில் விழும், 10 சென்ட் கூடினால் ஸாவில் விழும். எல்லா ஸ்வரமும் பாதி பாதியாகப் பிளந்துவிடும். 50 சென்ட் கூட்டி, 1200க்குள் மடித்து, பிறகு வகுத்து வெட்டுங்கள். நேர்த்தியான ஹிஸ்டோகிராம் வேண்டுமென்றால் 12 பெட்டியே வேண்டாம், 10 சென்ட்டுக்கு ஒன்றாக 120 பெட்டி போடுங்கள். மிருதுவாக்கும்போது இரண்டு முனைகளும் வட்டமாகச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸாவின் முகடு இடக்கோடியில் பாதி, வலக்கோடியில் பாதி என்று நிற்கும்.

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சென்ட் = 1200 × மடக்கை₂(அதிர்வெண் ÷ ஸா). மெலோடியா குரல் இல்லாத ஃப்ரேம்களுக்கு 0 கொடுக்கும், 0க்கு மடக்கை எடுத்தால் முடிவிலி. முதலில் அவற்றை "இல்லை" என்று குறித்துவிடுங்கள்.

பிட்ச் எடுப்பதைப் பற்றி. ஹாப் (ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்ததுக்கு நகரும் தூரம்) 128 சாம்பிள் (44,100இல் 2.9 மில்லிவிநாடி), ஃப்ரேம் 2048 (சுமார் 46 மில்லிவிநாடி) இரண்டும் கர்நாடக இசைக்குப் பொருத்தமே. மாற்றவேண்டியது அதிர்வெண் எல்லை. பாடகர் மந்திர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம்வரை போவார் என்று வைத்தால் ஸாவின் 0.75 மடங்கு முதல் 3 மடங்குவரை. உங்கள் பதிவுக்கு 147–588, சற்று இடம் விட்டு 135–620 என்று வையுங்கள். மேல் எல்லை இயல்பாக 20,000 என்று இருக்கிறது. அதை அப்படியே விட்டால் வயலின் தார ஸ்தாயியில் வாசிப்பது முழுவதும் "குரல்" ஆகிவிடும்.

மிருதங்கம் எங்கே தொந்தரவு தரும் என்றால் குரல் ஓயும் இடைவெளிகளில். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்கும், அதன் மேல்சுரங்களும் தந்தி வாத்தியம்போல முழு எண் விகிதத்தில் வரும். சி. வி. ராமன் 1920லேயே நேச்சர் இதழில் எழுதிய விஷயம்தான் இது, நடுவில் இருக்கும் கரணையின் (கறுப்புப் பூச்சு) வேலை. மேற்கத்திய டிரம்மில் இந்தத் தொல்லை கிடையாது, அதனால் அந்த இசைக்காக எழுதிய அல்காரிதங்களுக்கு இது தெரியாது. தீம், சாபு போன்ற நாதமுள்ள சொற்கள் மெலோடியா கண்ணுக்கு "பிட்ச் உள்ள ஏதோ ஒன்று". ஒரு பிட்ச் கோடு குறைந்தது எவ்வளவு நேரம் நீளவேண்டும் என்று சொல்லும் மின்ட்யூரேஷன் 100 மில்லிவிநாடியாக இருக்கிறது, 150க்கு ஏற்றிப் பாருங்கள், பெரும்பகுதி போய்விடும். எவ்வளவு மெல்லிய கோடுவரை ஏற்கலாம் என்று சொல்லும் வாய்சிங்டாலரன்ஸைக் குறைத்தால் மெல்லிய கோடுகள், முக்கியமாகத் தம்புராவின் கோடு, உதிரும். ரொம்பக் குறைத்தால் மந்திர ஸ்தாயியில் மெதுவாகப் பாடுவதும் சேர்ந்து உதிர்ந்துவிடும். தனி ஆவர்த்தனத்தை எப்படியும் கையால் வெட்டி எறியுங்கள்.

இவ்வளவும் சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். பிட்ச் கோட்டைச் சைன் ஒலியாக மாற்றி ஒரு காதிலும், மூலப் பதிவை மறு காதிலும் போட்டு இரண்டு நிமிடம் கேளுங்கள். சைன் செய்யும்போது அதிர்வெண்ணை நேரத்தால் நேரடியாகப் பெருக்கக்கூடாது, அதிர்வெண் மாறும் இடமெல்லாம் கீச்சென்று கத்தும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் அதிர்வெண்ணை இடைநிரப்பி, 2π × அதிர்வெண் ÷ சாம்பிளிங் ரேட் என்பதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போய், அந்தக் கூட்டுத்தொகைக்குச் சைன் எடுங்கள். ஸ்தாயித் தாவல், வயலினுக்கு மாறுதல் எல்லாம் இதில் பளிச்சென்று கேட்கும். சோனிக் விஷுவலைசரில் கோட்டை ஸ்பெக்ட்ரோகிராம் மேல் போட்டுப் பார்ப்பதும் உதவும், ஆனால் காது வேகம்.

இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் முதலில் ஸ்ப்ளீட்டர் அல்லது டெமுக்ஸ் வைத்துக் குரலைப் பிரித்துவிட்டு, பிறகு க்ரெப்பே என்ற பிட்ச் கண்டறியும் மாதிரியை ஓட்டலாம்.

ஏழாவதுமேளம்

மிக்க நன்றி. நேரம் 12 நிமிடத்தில்தான் முடிந்திருந்தது! திருத்தியபின் தம்புராவிலிருந்து 195.8 வந்தது, 12 பெட்டி முறையிலேயே கல்யாணி முதலிடத்தில் நிற்கிறது.

தோடி மட்டும் மாறவில்லை. ஆரபியையும் தேவகாந்தாரியையும் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே விடை.

பதில் 3: அனுஸ்வரம்

தோடியில் உங்கள் நிரல் சரியாகத்தான் பார்க்கிறது. 300 சென்ட்டில் நிற்கும் காந்தாரம் தோடியில் பாடப்படுவதே அரிது. அந்த "கா" ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடும் அசைவு. ஊஞ்சல் நடுவில் வேகமாகக் கடக்கும், இரு முனைகளில்தான் தயங்கும். ஹிஸ்டோகிராம் தயக்கத்தைத்தான் எண்ணுகிறது. அதனால் முகடு முனைகளில் வருகிறது. காகிதத்தில் எழுதிய ஸ்வரத்துக்கும் காதில் விழும் பிட்ச்சுக்கும் கர்நாடக இசையில் இவ்வளவு தூரம் உண்டு, மேளப் பட்டியலோடு ஒப்பிடும் முறை இங்கேதான் உடைகிறது. (இந்த முகடுகளை அளந்து 22 சுருதியையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள்.)

அதனால் ஸ்வரப் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, பதிவைப் பதிவோடு ஒப்பிடுங்கள். பத்து தோடிப் பதிவுகளின் 120 பெட்டி ஹிஸ்டோகிராம்கள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகும், காந்தாரம் "இல்லாதது" உட்பட.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிட்ச் கோட்டை மிருதுவாக்குகிறேன் என்று பெரிய மீடியன் ஃபில்டர் போடுகிறவர்கள் உண்டு. 17 ஃப்ரேம், அதாவது சுமார் 50 மில்லிவிநாடிவரை பரவாயில்லை. 250 மில்லிவிநாடி போட்டால் கம்பிதத்தையே (அந்த அசைவையே) இஸ்திரி போட்டுத் தேய்த்துவிடும். தோடியில் அழகாக ஒரு "காந்தார" முகடு தெரிய ஆரம்பிக்கும், ஆனால் அது நீங்கள் உண்டாக்கியது.

ஆரபி–தேவகாந்தாரிக்கு ஹிஸ்டோகிராம் போதவே போதாது. ஆரோகண அவரோகணம் ஒன்றுதான். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் பக்கத்து ஸ்வரத்தோடு ஒட்டிக்கொண்டு சட்டென்று கடந்துபோகும், தேவகாந்தாரி நின்று அசைந்து நகரும். தர்பார்–நாயகியிலும் இதே தலைவலி. நேரம் உள்ளே வராமல் இவை பிரியாது.

நேரத்தை எளிமையாகக் கொண்டுவர நல்ல வழி, குலாட்டியும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட டிடிஎம்எஸ் என்ற ராகம் கண்டறியும் முறை. ஒவ்வொரு கணத்தின் பிட்ச்சையும் 0.3 விநாடிக்கு முந்தைய பிட்ச்சோடு ஜோடி சேர்த்து, 120 × 120 கட்டத்தில் எண்ணிக்கொண்டே போகவேண்டும். நின்று பாடினால் புள்ளி மூலைவிட்டத்தில் விழும், நகர்ந்தால் அதைவிட்டு விலகும். ரியிலிருந்து மாவுக்குப் போவதும் மாவிலிருந்து ரிக்கு வருவதும் வெவ்வேறு பக்கத்தில் விழும் என்பதால் ஏற்ற இறக்கமும் பதிவாகிறது. பிறகு ஒவ்வொரு எண்ணையும் 0.75 அடுக்குக்கு உயர்த்துங்கள். நீண்ட ஸாவும் பாவும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடாமல் இருக்க இது. அதன்பின் சிக்மா 2 உள்ள காசியன் மிருதுவாக்கம், வலந்தலை சொன்னதுபோல முனைகள் வட்டமாகச் சேரவேண்டும். இரண்டு பதிவுகளின் கட்டங்களுக்கு இடையே தூரம் அளந்து, மிக அருகில் உள்ள பதிவின் ராகத்தையே விடையாக எடுத்தால் போதும். 40 ராகம், ராகத்துக்கு 12 பதிவு என்று 480 கர்நாடகப் பதிவுகளில் இந்த எளிய முறை ஏறத்தாழ 87 சதவீதம் சரியாகச் சொன்னது. 30 ராகம் கொண்ட 300 ஹிந்துஸ்தானிப் பதிவுகளில் 98ஐ ஒட்டி. நம் ராகங்களில் கமகம் எவ்வளவு சிக்கல் தருகிறது என்பதற்கு அந்த இடைவெளி ஓரளவு சாட்சி. ராகங்களின் எண்ணிக்கை வேறு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இதை எழுதும்போது பலர் விழும் குழி ஒன்று உண்டு. 0.3 விநாடி என்றால் உங்கள் ஹாப்பில் 103 ஃப்ரேம். குரல் இல்லாத ஃப்ரேம்களை முதலிலேயே நீக்கி வரிசையை நெருக்கிவிட்டால், 103 ஃப்ரேம் தள்ளி இருப்பது 0.3 விநாடி தள்ளி இருக்காது. ஓய்வுக்கு முந்தைய சஞ்சாரத்தின் வாலும் பிந்தையதின் தலையும் ஜோடி சேர்ந்துவிடும். வெற்று ஃப்ரேம்களை அப்படியே வைத்து ஜோடி சேருங்கள், இரண்டில் ஒன்று வெற்றாக இருந்தால் அந்த ஜோடியை மட்டும் விடுங்கள். 0.3ஐ 0.05 ஆக்கினால் எல்லாம் மூலைவிட்டத்திலேயே குவியும். ஒன்றரை விநாடிக்குமேல் போனால் தொடர்பில்லாத ஸ்வரங்கள் கலந்து கட்டம் முழுவதும் மங்கலாகும்.

பதில் 4: நாலாம்தந்தி

வலந்தலை சொன்ன குரல் பிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்ப்ளீட்டரும் டெமுக்ஸும் மேற்கத்திய பாப் வகைப் பாடல்களில் பயின்றவை. அவற்றுக்குத் தெரிந்தது குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை. நம் கச்சேரியில் வயலின் பாடகரின் நிழல்போல அதே சஞ்சாரத்தை, அதே கமகத்தோடு, சற்றுப் பிந்தி வாசிக்கிறது. அதில் ஒரு பகுதி குரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். க்ரெப்பே ஒற்றைக் குரலுக்கானது, அந்த மிச்ச வயலினைக் கண்டால் இங்கும் அங்கும் தாவும். மெலோடியாவையாவது பல வாத்தியக் கலவைக்கென்றே எழுதினார்கள்.

பிரித்தே ஆகவேண்டும் என்றால் இந்திய இசை ஆய்வுக்கான காம்பியாம் நூலகத்தைப் பாருங்கள். சராகா என்ற இந்திய இசைப் பதிவுத் தொகுப்பைக் கொண்டு பயிற்றுவித்த கர்நாடகக் குரல் பிரிப்பானும், கர்நாடகப் பாட்டுக்கென்றே பயின்ற எஃப்டிஏநெட் பிட்ச் மாதிரியும் அதில் உண்டு. சராகாவில் 249 கர்நாடகப் பதிவுகள், பலவற்றுக்கு ஒவ்வொரு மைக்கின் தடமும் தனித்தனியாகக் கிடைக்கிறது. ஆனால் அவை மேடைப் பதிவுகள், குரல் மைக்கில் வயலினும் மிருதங்கமும் கசிந்திருக்கும். "குரல் தடம்" என்று பெயர் இருப்பதாலேயே சுத்தமான குரல் என்று நினைத்து அதை விடைத்தாளாக வைத்து மதிப்பிடாதீர்கள்.

பதில் 5: வலந்தலை

ஒப்புக்கொள்கிறேன், பொதுப் பிரிப்பான் வயலினில் தடுமாறும். மிருதங்கத்தை ஓரளவு விலக்கிவிடும் என்பதால் சொன்னேன். கிருதிப் பகுதியில் பிரித்தும் பிரிக்காமலும் ஓட்டி, சைன் ஒலி வைத்துக் கேட்டு முடிவு செய்யட்டும். ஆலாபனைப் பகுதிக்குப் பிரிப்பு தேவையே இல்லை, மிருதங்கம்தான் இல்லையே.

லிப்ரோசாவில் பிட்ச் எடுக்கும் பைஇன் முறையைப் போட நினைத்தால், 22,050இல் ஃப்ரேம் 2048 என்பது 93 மில்லிவிநாடி, வேகமான பிருகாக்கள் அதில் கரைந்துவிடும். 44,100இல் ஓட்டுங்கள்.

பதில் 6: அனுஸ்வரம்

அடுத்து நீங்கள் கட்டாயம் மோதப்போகும் இடம் மதிப்பீடு. ஒவ்வொரு பதிவையும் 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, கலக்கி, 80 பங்கு பயிற்சிக்கும் 20 பங்கு சோதனைக்கும் என்று பிரித்தால் வியக்கவைக்கும் சதவீதம் வரும். நம்பாதீர்கள். ஒரே பதிவின் துண்டுகள் இரு பக்கமும் இருப்பதால் மாதிரி ராகத்தைக் கற்கவில்லை, அந்தப் பதிவின் மைக்கையும் தம்புராவையும் அந்தப் பாடகரின் குரலையும் கற்கிறது. பதிவுவாரியாகப் பிரியுங்கள், முடிந்தால் பாடகர்வாரியாக. இயந்திரக் கற்றல் நூலகமான சைகிட்லேர்னில் குரூப்கேஃபோல்டு இதற்குத்தான். ஒரே கிருதி இரு பக்கமும் வந்தால்கூட மாதிரி பல்லவியை அடையாளம் கண்டுவிட்டு ராகம் கண்டதுபோல் நடிக்கும். ராகமாலிகைகளை ஒரே ராகப் பெயரில் உள்ளே விட்டுவிடாதீர்கள்.

பதில் 7: நாலாம்தந்தி

தம்புராவிலிருந்து ஸா எடுங்கள் என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு, எழுத விட்டுப்போனது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி போன்றவற்றை மத்திம சுருதியில் பாடுவார்கள். தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்திமத்துக்கு இறக்கி, அந்த மத்திமத்தையே ஸாவாக வைத்துக்கொள்வார்கள். அப்போது பழைய ஸா தந்திகள் மூன்றும் பஞ்சமமாக ஒலிக்கின்றன. அல்காரிதம் பெரும்பாலும் பழைய ஸாவையே சொல்லும், விடை 498 சென்ட் தள்ளிப்போகும். பதிவுப் பட்டியலில் சுருதிக்கு ஒரு பத்தி வைத்து, இந்த ராகங்கள் வரும் வரிசைகளில் மட்டும் வந்த எண்ணை 4/3ஆல் பெருக்கியும் ஓட்டிப்பாருங்கள். எது பாட்டோடு பொருந்துகிறது என்று கேட்டுவிட்டு அதையே கையால் எழுதிவிடுங்கள், தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவேண்டாம்.